பத்து மூடைத் தண்ணீரும் தம்பிஐயா அண்ணையும்

தம்பிஐயா அண்ணை வந்தவுடன் படுத்துவிடுவார். செருப்பை வாசலில் கழற்றி, தோளில் கிடக்கும் துவாயை நிலத்தில் விரித்து, மல்லாந்து கிடந்து, இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் கோத்துக்கொண்டு முகட்டைப் பார்ப்பார். எங்கே வெடித்திருக்கிறது, எப்போது தொடங்கியது என்று வீட்டுக்காரர் சொல்லுகிற எதுவும் அவர் காதில் விழாது. கால்மணி நேரம் கண்வெட்டாமல் கிடப்பார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, ஆளைத் தூக்கிக்கொண்டு போகப் பறைமேளம் ஒன்றுதான் குறை என்று தோன்றும். பிறகு ஒரு முழங்கையை ஊன்றி எழும்பி, ஒரே ஒரு வசனம் சொல்லுவார்.

"உவருக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு."

'உவர்' என்பது மேல்வீட்டைத் தாங்கும் பனந்தீராந்தி, பனைமர உத்தரம். தம்பிஐயா அண்ணை மரத்தை அஃறிணையில் பேசிக் கேட்டவர் கிடையாது. சுவருக்குக் காய்ச்சல், கூரை வளைக்கு மூட்டுவாதம், கதவு நிலைக்குக் கோபம். மனிதர்களைப்பற்றிக் கதைக்கும்போதுதான் அவருக்கு 'அது', 'இது' என்று வாய் வரும். "அது ஒரு விசர். சொன்னால் கேளாது" என்றால் யாரோ ஒரு வீட்டுக்காரரைச் சொல்கிறார் என்று அறிக. என்னையும் அப்படிச் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

முட்டுக் கொடுப்பது அவருடைய தொழில். தொண்டைமானாற்றுக் கரையில் வத்தைகளையும் வள்ளங்களையும் கரையேற்றி, அடியில் ஆப்பு வைத்து, நோகாமல் நிமிர்த்திப் பழகிய குடும்பம். அப்பர் வள்ளத்தோடு நின்றுகொண்டார். மகன் அதே கையோடு வீடுகளுக்கு வந்துவிட்டார். "வீடும் ஒரு வள்ளந்தான் மாஸ்ரர். கவிட்டுப் போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்பார். வடமராட்சியில் சரிந்த மதில், இறங்கிய கூரை, மழைக்கு வாய் பிளந்த கிணற்றுக்கட்டு எதுவானாலும் அவருக்குத்தான் ஆள் போகும். தோளில் ஓர் உமல். பனையோலையால் இழைத்த அந்தப் பைக்குள் மீனவர்கள் மீன் போடுவார்கள். இவர் ஆப்புகளும், பிடி கட்டையான ஒரு சுத்தியலும், மடித்த பட்டக்கடுதாசியும் போட்டிருப்பார். காதில் ஒரு சுருட்டு.

அவருடைய வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். குசினிக் கூரை ஒரு பக்கம் இறங்கிப்போய், ஒரு பழைய துடுப்பின்மேல் சாய்ந்து நின்றது. "என்ன அண்ணை இது?" என்றேன். அவருடைய மனைவி நல்லம்மா அக்கா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்: "ஊருக்கெல்லாம் முட்டுக் குடுக்கிற மனுசன் தம்பி. இஞ்சை கேட்டால், 'அது நிக்கும், நீ அவி' எண்டு சொல்லிப்போட்டுப் போகும்." அண்ணை கூரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இனி வெட்கத்தை விட்டு என் கதையைச் சொல்லவேண்டும். இவரை நான் அறியவந்ததே என்னுடைய மடைத்தனத்தால்தான்.

பருத்தித்துறையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். 'ஒரு கன அடி தண்ணீரின் நிறை அறுபத்திரண்டரை இறாத்தல்' என்று அப்போதே பதினேழு வருடங்களாகக் கரும்பலகையில் எழுதிவந்தேன். தெரியாது என்ற பிள்ளைகளை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தியும் இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கும் செல்வத்துரை வீட்டில் மூன்றடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி வைத்திருந்தான். போகிறவன் வருகிறவனெல்லாம் அதைப்பற்றியே கதைத்தார்கள். எழுபத்து நான்காம் ஆண்டு ஐப்பசியில், நான் நெல்லியடியில் இரும்புச் சட்டம் ஒட்டுவித்து, கண்ணாடி போட்டு, ஆறடியில் ஒன்று செய்வித்தேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். ஏன் ஆறடி என்று கேட்டால், செல்வத்துரையுடையது மூன்றடி. வேறு காரணம் இல்லை.

நாங்கள் குடியிருந்தது ஒரு பழைய மேல்வீட்டில். பர்மாவில் வியாபாரம் செய்த யாரோ கட்டியது. பனந்தீராந்திக்கு மேல் தேக்குப் பலகை. கீழே வீட்டுக்காரி ஞானாம்பிகை அக்கா தனியாக இருந்தார். தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், விதவை, ஏற்கெனவே ஒல்லி. நானும் மனைவி ஐரிஸும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், என்று தெரிந்தும் வீடு தந்தவர். தரும்போது ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: "மாஸ்ரர், நாங்கள் மச்சம் தொடாத ஆக்கள். உயிரோடை மீன் மேலை போனால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். செத்த மீன் என்ரை படி ஏறப்படாது." இதனால், பிறகு செத்துப்போன ஒரு மீனை அந்தப் படியால் கீழே இறக்குவதற்கு நான் பட்ட பாடு தனிக்கதை.

தொட்டியை ஆறு பேர் மேலே தூக்கினார்கள். நான் 'மெல்ல, மெல்ல' என்று சொன்னேன். பிறகு கிணற்றிலிருந்து நாற்பத்தெட்டு வாளி தண்ணீர். எண்ணினேன். கணித ஆசிரியன் அல்லவா, எண்ணாமல் இருப்பேனா? எண்ணினேனே தவிர, பெருக்கிப் பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து மெயில் ரயிலில் வந்த கறுப்பு மொலிகளையும் பொன்மீன்களையும் விட்டுவிட்டு, கதிரையைப் போட்டு இருந்து, செல்வத்துரை இதைக் கண்டால் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துச் சந்தோசப்பட்டேன். அன்று கந்தசஷ்டி இரண்டாம் நாள். கீழே ஞானாம்பிகை அக்கா விரதம்.

மூன்றாம் நாள் காலை கீழேயிருந்து குரல் வந்தது. "மாஸ்ரர், ஒருக்கால் இறங்கி வாருங்கோ."

சாமியறைக் கதவு திறக்கவில்லை. பழைய இரட்டைக் கதவு. நான் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு நேர்மேலே போகும் தீராந்தி வயிறு தள்ளிக்கொண்டு, கதவு நிலையின் தலையில் குந்தியிருந்தது. நடுவில் ஒரு வெடிப்பு. அந்த இடத்துக்கு நேர்மேலேதான் என் தொட்டி. அப்போதுதான், கேளாமலே, கணக்குத் தானாக என் மண்டைக்குள் ஓடியது: ஆறு தர இரண்டு தர இரண்டு இருபத்து நான்கு, தர அறுபத்திரண்டரை, ஆயிரத்து ஐந்நூறு இறாத்தல். அந்தருக்கு நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல்படி பதின்மூன்று அந்தருக்கும் மேல். கண்ணாடியும் இரும்பும் மணலும் வேறு.

ஐரிஸ் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "பதினேழு வருசமாப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சியள். உங்களுக்கு ஆரும் படிப்பிக்கேல்லையே?" என்றாள்.

உடனே தண்ணீரை இறைத்தேன். மீன்கள் ஐரிஸின் குளிக்கிற தொட்டிக்கும் இரண்டு பானைகளுக்கும் போயின. நாற்பத்தெட்டு வாளியும் இறங்கியது. கதவு அப்படியே நின்றது. பக்கத்துத் தச்சர் வந்து பார்த்து, "கொத்தித்தான் எடுக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞானாம்பிகை அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. குத்துவிளக்கைக் கொண்டுவந்து இறுகிக்கிடந்த கதவுக்கு முன்னால் வைத்து ஏற்றினார். "உள்ளுக்கை அவரின்ரை வேல் கிடக்கு" என்றார். அவருடைய கணவர் மலாயாவிலிருந்து கொண்டுவந்த சிறிய வெள்ளி வேல். அந்த வேலுக்குத் தண்ணீர் வார்த்து, பூசை செய்து, அதற்குப் பிறகுதான் ஏழாம் நாள் காலையில் பாறணைச் சோறு வாயில் வைப்பது அவருடைய வழக்கம். பத்தொன்பது வருடமாக ஒரு வருடமும் தவறவில்லை. ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டுந்தான்.

"கதவு திறக்காட்டி அக்கா?"

"திறக்காட்டி பாறணை இல்லை. திறக்கிற நாள் மட்டும் இப்பிடியே இருப்பன்."

கோபமில்லாமல் சொன்னார். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, எழும்புவதற்குச் சுவரைப் பிடித்தார். ஏழாம் நாளுக்குப் பிறகும் அந்த உடம்பு பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்க எனக்கு அட்சரகணிதம் தேவைப்படவில்லை. தம்பிஐயாவின் பெயரைச் சொன்னதும் அவர்தான். "தொண்டைமானாத்திலை ஒருத்தர் இருக்கிறார். கொத்தமாட்டார்."

நான்காம் நாள் காலை அண்ணை வந்தார், படுத்தார், கிடந்தார். இடுப்புப் பிடித்த செய்தியை அறிவித்தார். பிறகு என்னைக் கேட்டார்: "மேலை பத்து மூடை அரிசி கிடந்ததோ?"

"அரிசி இல்லை அண்ணை. தண்ணி. மீன் வளர்க்க."

"தண்ணியோ? தண்ணியை ஆரும் மேல்வீட்டுக்கு ஏத்துவினமோ மாஸ்ரர்? கடல் கீழைதானே கிடக்குது."

மேலே வந்து தொட்டியைப் பாருங்கள் என்று அழைத்தேன். வரவில்லை. மேல்வீட்டுக்கு அவர் ஏறுவதேயில்லை. "மேலை என்ன இருக்கெண்டு கீழை நிக்கிறவர் சொல்லுவார்" என்று தீராந்தியைக் காட்டினார். அந்தத் தொட்டி இப்போது கீழே, சீமெந்து நிலத்தில் நிற்கிறது. இவ்வளவு பாடுபட்ட மனிதர் இன்றுவரை அதைத் திரும்பியும் பார்த்ததில்லை.

"கதவைக் கொத்தினால் என்ன?" என்று கேட்டேன்.

"கொத்தினால் திறக்கும். இப்ப உவரைத் தாங்கிறது கதவுதான். கதவு போனால் உவர் வருவார். உவருக்குப் பின்னாலை பலகை வரும். பேந்து உங்கடை கட்டில் வரும்." இதைச் சொல்லும்போது கட்டில் வரும் பாதையைக் கையால் காட்டினார். ஐரிஸ் அங்கிருந்து தள்ளி நின்றாள்.

"எத்தினை நாள் செல்லும்?"

"வளைஞ்சது ஒரு ராவிலை. நிமிர ஒரு கிழமை வேணும்." அப்போதுதான் மூடிய கதவுக்கு முன்னால் விளக்கோடு இருந்த அக்காவைப் பார்த்தார். விசயத்தை நான் சொன்னேன். அவர் சுருட்டைக் காதிலிருந்து எடுத்து, பார்த்துவிட்டு, திரும்பக் காதிலேயே செருகினார். "பாறணைக்கு மூண்டு நாள் கிடக்கு. பாப்பம்."

மாட்டுவண்டிலில் இரண்டு பருத்த மரக்குத்திகள் வந்தன. கதவுக்கு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. நிலத்தில் குத்தியை நேரே நிறுத்த விடமாட்டார். அடியில் ஒரு தடித்த பலகைத் துண்டு போடவேண்டும். அதற்குப் பெயர் செருப்பு. "வெறுங்காலோடை பாரம் தூக்கினால் கால் நிலத்துக்கை போயிடும்." செருப்புக்கும் குத்திக்கும் நடுவில், எதிரும் புதிருமாக இரண்டு ஆப்பு. இந்தப் பக்க ஆப்புக்கு ஓர் அடி, 'முருகா'. அந்தப் பக்க ஆப்புக்கு ஓர் அடி, 'கந்தா'. இப்படி மாறி மாறி அடிக்க, குத்தி கண்ணுக்குத் தெரியாமல் உயரும். தீராந்தி எழும்பவேண்டியது அரை அங்குலம். தச்சர் கணக்கில் நான்கு நூல்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒரு வேலை செய்தார். ஒரு பிடி சோற்றைப் பசையாகக் குழைத்து, பட்டக்கடுதாசியில் விரலளவு துண்டு கிழித்து, வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டினார். "இவர் கிழியாமல் இருந்தால் நாங்கள் மெல்லமாப் போறம் எண்டு அர்த்தம். கிழிஞ்சால் அவசரப்பட்டிட்டம்." பத்து அடி அடிப்பார். பிறகு சுவரில் சாய்ந்திருந்து அந்தச் சிவப்புக் கடுதாசியையே பார்ப்பார். அரைமணி, முக்கால்மணி.

"இப்ப என்ன அண்ணை செய்யிறியள்?"

"வேலை செய்யிறன்."

மூன்று முறை தேத்தண்ணி கொடுத்தேன். மூன்று முறையும் "வேண்டாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வேதக்கார வீட்டுக் கோப்பை என்று தொடாமல் விடுகிறாராக்கும் என்று நினைத்து, மேலே போய் ஐரிஸிடம் மனித சமத்துவம்பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். அவள் முடியும்வரை கேட்டாள். "அந்த மனுசனும் ஆறு நாளும் விரதம். தொண்டைமானாத்துச் சன்னிதி முருகனுக்கு. காதிலை சுருட்டு பத்தாமல் கிடக்கிறதைக் கண்டும் விளங்கேல்லையே? பட்டினி கிடக்கிற மனுசனுக்கு மூண்டு தரம் தேத்தண்ணி நீட்டியிருக்கிறியள்."

பிரசங்கம் அத்தோடு முடிந்தது. கீழே இரண்டு பேர் பட்டினி, மேலே நாங்கள் முட்டைப் பொரியல். வெட்கம் தாங்காமல் நானும் மத்தியானம் சாப்பிடுவதில்லை என்று முடிவுசெய்தேன். அந்த முடிவு பள்ளிக்கூடம்வரை நின்றது. அங்கே ஆசிரியர் அறையில் அலுமாரிக்குப் பின்னால் நின்று அரை இறாத்தல் பாணும் சம்பலும் தின்றேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் அண்ணை சைக்கிளை எடுத்தார். "சன்னிதிக்குப் போட்டு வாறன். ஒருத்தரும் தொடாதையுங்கோ." அதுவரை ஒன்றரை நூல் எழும்பியிருந்தது. கதவில் அசைவில்லை. அக்கா விளக்கடியில் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். காலையில் எழும்பும்போது தலைசுற்றி ஒருமுறை விழப்பார்த்தார். மீதி இரண்டரை நூலை இந்த மனிதர் எப்போது முடிப்பார்? எனக்குப் பொறுக்கவில்லை. கடுதாசி பென்சில் எடுத்தேன். நாற்பது அடிக்கு ஒன்றரை நூல் என்றால், இரண்டரை நூலுக்கு எத்தனை அடி? நேர்விகிதசமன், ஏழாம் வகுப்புக் கணக்கு. அறுபத்தாறும் மூன்றில் இரண்டும். மூன்றில் இரண்டு அடியை எப்படி அடிப்பது என்று சற்று யோசித்து, அறுபத்தேழாக்கினேன். சுத்தியலை எடுத்தேன்.

பத்தொன்பதாம் அடியில் 'டக்' என்றது. பெரிய சத்தமில்லை. எலும்பு முறிகிற சத்தம் அவ்வளவுதான் இருக்கும். சிவப்புக் கடுதாசி நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. அக்கா சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். என் வாழ்நாளில் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை. செல்வத்துரை அந்த நேரம் வந்து சிரித்திருந்தால்கூட அவன் காலில் விழுந்திருப்பேன்.

அண்ணை நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தார். கடுதாசியைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. நான் சுத்தியலைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன், கேட்க என்ன இருக்கிறது? குனிந்து ஆப்புகளைப் பார்த்தார். "ஒரு பக்கத்திலையே அடிச்சிருக்கிறியள்" என்றார். பிறகு மெல்ல, "மாஸ்ரர், ஒரு பிள்ளைக்குக் கணக்கு விளங்கேல்லை எண்டால், கெதியா விளங்கட்டும் எண்டு அடிப்பியளோ?"

அடிப்பேன் என்பதுதான் உண்மை.

ஒன்றரை நூலையும் இறக்கி, முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. புதிய கடுதாசி, புதிய பசை. ஆறாம் நாள் விடியவே வந்துவிட்டார். ஆறாம் நாள் பின்னேரம் சூரன்போர். சன்னிதியில் சூரன்போர் பார்க்காமல் அவர் ஒரு வருடமும் இருந்ததில்லை என்று எனக்கு முதல்நாளே தெரியும். நான்கு மணியாயிற்று, ஐந்தாயிற்று, மழையும் தூறியது. அவர் எழும்பவில்லை.

"அண்ணை, சூரன்போர்..." என்று இழுத்தேன். என்னால்தானே அவருடைய ஒரு நாள் போனது.

"முருகன் அங்கை தனிய நிண்டு வெல்லுவான்" என்றார், கடுதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உவர் இஞ்சை தனிய நிக்கமாட்டார்." பிறகு, "முருகா", "கந்தா", பத்து அடி. இரவு முழுக்கவும் அப்படியே போனது.

ஏழாம் நாள் காலை. கடுதாசி முழுசாக இருந்தது. அண்ணை இன்னொரு துண்டுக் கடுதாசியை எடுத்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மேலிருந்து கீழே இழுத்தார். எங்கும் தடக்காமல் வந்தது. மற்றப் பக்கமும் வந்தது. ஒரு விரலால் கதவைத் தொட்டார், கதவு உள்ளே போனது. அவ்வளவுதான். இதற்கா மூன்று நாள் என்று யாரும் கேட்கலாம், அவ்வளவு லேசாகப் போனது. நான் 'தோத்திரம்' என்று சத்தம் போட்டுவிட்டு, இடம் தெரியாமல் கத்திவிட்டேனோ என்று வாயைப் பொத்தினேன்.

ஞானாம்பிகை அக்கா முழுகி, ஈரத்தலையோடு, செம்பில் தண்ணீருடன் வந்தார். ஐரிஸ் பின்னால் கையை நீட்டியபடி வந்தாள், விழுந்தால் பிடிக்க. அக்கா வாசற்படிக்குக் கிட்டப் போய் நிமிர்ந்து பார்த்தார். தீராந்தி நிமிர்ந்தபிறகு வெடிப்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அதிலிருந்து ஒரு பொட்டு மரத்தூள் அவர் முன்னால் விழுந்தது. ஓர் அடி பின்னால் வைத்தார். செம்பு ஆடித் தண்ணீர் சிந்தியது.

"தம்பிஐயா, இது விழாதோ?" என்றார். "எனக்கு உள்ளுக்கை போகக் கால் ஏவுதில்லை."

விழாது என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். "மாஸ்ரர், மேலை போங்கோ. தொட்டி நிண்ட இடத்திலை நிண்டு குதியுங்கோ."

"குதிக்கிறதோ? அண்ணை, நான் பதின்மூண்டு ஸ்ரோன். நூற்றி எண்பத்திரண்டு இறாத்தல்."

"அதுக்குத்தான் உங்களைச் சொல்லுறன்."

ஐந்து நாளுக்குப் பிறகு ஐரிஸ் முதல்முறையாகச் சிரித்தாள். நான் மேலே போனேன். தொட்டி நின்ற இடத்தில் இரண்டு பலகைகள் விலகி, கீழே பார்க்க ஓர் இடைவெளி இருந்தது. குனிந்து பார்த்தேன். அண்ணை வாசற்படிக்கு வெளியே, இரண்டு குத்திகளுக்கும் நடுவில், வெடிப்புக்கு நேர்கீழே சம்மணம் கட்டி இருந்தார். அக்கா போவதற்கு ஒரு பக்கம் வழி விட்டிருந்தார். சாமியறையைப் பார்த்துக் கைகூப்பி, கண்ணை மூடினார்.

நான் குதித்தேன்.

"சேர்ச்சுக்கை நடக்கிற மாதிரிக் கிடக்கு" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. "ஊண்டிக் குதியுங்கோ!"

கண்ணை மூடிக்கொண்டு, செய்த பாவங்களையெல்லாம் காலில் இறக்கிக் குதித்தேன். யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, அலுமாரிக்குள் பீங்கான்கள் கிலுங்கின. கீழே அவர் தலையெல்லாம் தூசி. தட்டவில்லை, கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். இன்னும் ஒருக்கால். குதித்தேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலைக்கொய்யகத்தை ஒரு கையால் பிடித்து, அவருக்குப் பக்கத்தால் நடந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் மணி அடித்தது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இனி இறங்கலாம் என்று நினைத்தேன். இறங்க முதல் இடைவெளியால் ஒருமுறை பார்த்தேன். அக்கா பூசை முடிந்து திரும்பி வருவதும் இதே தீராந்திக்குக் கீழாலேதான். தம்பிஐயா அண்ணை மணிச்சத்தத்துக்குக் கும்பிட்டபடி, கண் மூடியபடி இருந்தார். கும்பிட்ட கையில் ஒன்றைப் பிரித்து, மேலே பார்க்காமலே, ஒரு விரலைக் காட்டினார்.